விரலுக்குத் தக்க மவுஸ்



சென்ற மழைக்காலத்தில் பசுந்தாங்கில் தெரிந்தவர் வீடு ஒன்றிற்குச் சென்றிருந்தோம். தேநீர் கொடுத்துவிட்டு அந்த வீட்டு அக்கா மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார். “தம்பி ராத்திரியில கை மரத்துப் போச்சுன்னு எழுந்து உட்கார்ந்துக்கிறான். அரைப் பக்கம் எழுதுறதுக்குள்ள பேனாவை வச்சுட்டுக் கையை உதறுறான். மெட்ரிக் பரீட்சை வேற வருது. வாயுவா இருக்குமோ?” என்று கேட்டார்.

பையனுக்கு 16 வயது. கையைப் பார்க்குமுன் அவன் உட்காரும் இடத்தைப் பார்த்தோம். தாழ்வான மேசை, தரையில் பாய், மேசை மேல் கணினி. பக்கத்தில் சிங்கப்பூர்ச் சித்தப்பா பிறந்த நாளுக்கு அனுப்பிய கேமிங் மவுஸ். விலை உயர்ந்தது, நிறையப் பொத்தான்கள், வண்ண விளக்கு. நல்ல பொருள்தான். ஆனால் அதன் நீளம் 13 செ.மீ.; பையனின் கையோ நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை 16.5 செ.மீ. மட்டுமே. அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளையைப் போல அவன் விரல்கள் அதன்மேல் நீட்டிப் பரந்து கிடந்தன. வாங்கிய நாளிலிருந்து அதில் ஓர் அமைப்பைக்கூட அவன் மாற்றியதில்லை.

“மாமா, மவுஸை மட்டும் பிடுங்கிடச் சொல்லாதீங்க” என்றான் எங்களில் ஒருவரிடம். பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும், பிறகு கைக்குத் தக்க மவுஸாக மாற்ற வேண்டும் என்றோம். அன்று அந்த வீட்டில் பேசியதையே இம்மாதப் பாடமாக எழுதுகிறோம். வெளிநாடுகளில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் கேட்கும் முதல் பரிசுகளில் ஒன்று இந்த கேமிங் மவுஸ். வாங்கித் தருபவர்கள் பெற்றோரும் சித்தப்பா, மாமாக்களும்தான்.

கைக்குள் நடப்பது என்ன?

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு குறுகிய சுரங்கம் உண்டு. அடியிலும் பக்கங்களிலும் எலும்புகள், மேலே கெட்டியான ஒரு நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் இந்தச் சிறு வழியாகவே கைக்குள் செல்கின்றன. கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்வு அந்த நரம்பைச் சேர்ந்தது. சுரங்கத்தில் அழுத்தம் கூடினால் அந்த மூன்றரை விரல்களும் மரத்துப் போகும், குறுகுறுக்கும். இதையே ‘கார்ப்பல் டனல்’ தொல்லை என்கிறார்கள். இரவில் கூடுதலாகத் தெரிவது இதன் அடையாளம்.

மவுஸ் பிடிப்பதால் மட்டுமே இந்த நோய் வருகிறது என்று மருத்துவ உலகம் ஒரே குரலில் சொல்லவில்லை. சர்க்கரை நோய், தைராய்டுக் குறைபாடு, கர்ப்ப காலம், குடும்ப உடல்வாகு எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தபடி மவுஸைப் பிடித்து இழுக்கும்போது சுரங்கத்துள் அழுத்தம் உயர்வதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். இதைத் தவிர, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் தசைநாண்கள் வீங்குவதும் உண்டு. கட்டை விரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலித்தால் அது பெரும்பாலும் கட்டை விரல் தசைநாண் தொல்லை. சுண்டு விரல் மரத்தால் அது வேறொரு நரம்பு. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவதாலும் அது வரலாம்.

பசுந்தாங் ஓடைக்கரை அரிசி ஆலைகளில் நம் முன்னோர் பலர் மூட்டை சுமந்தார்கள். அவர்களுக்குத் தோளும் முதுகும் தேய்ந்தன. நூறு கிராம் எடைகூட இல்லாத பொருளைப் பிடித்துப் பேரப்பிள்ளைக்குக் கை நோகிறதென்றால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். மூட்டை சுமந்தவர் அதை இறக்கி வைத்தார். இறக்கிய கணத்தில் தசை ஓய்ந்தது. மவுஸ் பிடித்த கை இரண்டு மணி நேரம் இறக்கி வைப்பதே இல்லை. எடை சிறிது, ஆனால் ஓய்வு இல்லை. தொல்லை அங்கேதான் இருக்கிறது.

உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்களும் இதிலிருந்து தப்பவில்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் பேர் பெற்ற ஹாய் லாம், மணிக்கட்டுத் தொல்லையையும் ஒரு காரணமாகச் சொல்லி 2015இல் அணியிலிருந்து விலகினார். டோட்டா 2 ஆடிய கிளின்டன் லூமிஸ் கை உபாதையால் 2014ஆம் ஆண்டின் பெரிய உலகப் போட்டியில் ஆட முடியாமல் பயிற்சியாளராக அமர்ந்தார். கைக்கு ஓய்வு கொடுத்துத் திரும்பிய அவர், 2015இல் அதே போட்டியைத் தம் அணியோடு வென்றார். ஓய்வு கொடுத்தால் ஆட்டம் போய்விடும் என்று அஞ்சும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

மவுஸ் வந்த வழி

டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் அமெரிக்காவில் 1964இல் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9ஆம் நாள் அதன் பிந்திய வடிவத்தை எங்கல்பார்ட் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். எழுத்து வேலைக்காகப் பிறந்த பொருள் அது. ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் கிளிக் செய்யும் ஆட்டங்கள் பின்னால் வந்தன. அதனால்தான் எடை, வேகம், பொத்தான் ஆகியவற்றை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் மவுஸ்கள் தோன்றின. அந்த வசதிகளை அழகுக்கு விடாமல் கையின் நலத்துக்குப் பயன்படுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

1. முதலில் அளவு

மற்றவற்றை எல்லாம் பின்னால் மாற்றலாம். பெரும்பாலான மவுஸ்களில் உடம்பின் அளவை மாற்ற முடியாது. ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் அடிக்கோலால் கையை அளந்து கொள்ளுங்கள். கை நீளம் 17 செ.மீ.க்குக் குறைவு என்றால் 12 செ.மீ.க்கு உட்பட்ட மவுஸ் போதும். 17 முதல் 19 செ.மீ. வரை என்றால் 12 அல்லது 12.5 செ.மீ. அளவு பொருந்தும். அதற்கும் மேற்பட்ட கைக்குப் பெரிய மவுஸ் வேண்டும். இது தோராயக் கணக்குதான். கடைசித் தீர்ப்பு கையினுடையது.

பிடிக்கும் முறையையும் கவனியுங்கள். சிலர் உள்ளங்கை முழுவதையும் மவுஸ் மேல் படிய வைக்கிறார்கள். அவர்களுக்கு முதுகு உயர்ந்த மவுஸ் சுகம். சிலர் விரல்களைப் பருந்தின் கால் போல மடக்குகிறார்கள். சிலர் விரல் நுனியால் மட்டும் பிடிக்கிறார்கள். இவர்களுக்குச் சிறியதும் தட்டையானதும் நல்லது. மவுஸைப் பிடித்த நிலையில் சுட்டு விரல் விறைத்து நீண்டிருந்தாலோ, கட்டை விரல் பக்கப் பொத்தானை எட்டத் தவித்தாலோ அந்த மவுஸ் அந்தக் கைக்கு உரியதன்று. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பார்கள். செலவுக்குச் சொன்ன பழமொழி மவுஸுக்கும் பொருந்துகிறது.

2. எடை

எடையைக் கூட்டிக் குறைக்கும் மவுஸ்கள் உண்டு. லாஜிடெக் ஜி 502 ஹீரோ என்ற வயர் மவுஸின் எடை வயர் நீங்கலாக 121 கிராம், அதனுடன் 3.6 கிராம் கட்டிகள் ஐந்து தருகிறார்கள். பெட்டியில் இருக்கிறதே என்று ஐந்தையும் உள்ளே போட்டுவிடும் பிள்ளைகள் பலர். கை வலி உள்ளவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆட வேண்டும். அதே நிறுவனத்தின் ஜி 203 சுமார் 85 கிராம். நீளமும் 12 செ.மீ.க்குள் அடங்கும். ரேசர் வைப்பர் மினி 61 கிராம்தான். மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடும் சுடும் ஆட்டங்களில் இந்த வேறுபாடு மாலைக்குள் தெரிந்துவிடும். வளரும் பிள்ளைக்கு நாங்கள் சொல்வது 60 முதல் 90 கிராம் வரை.

3. வேகம்: டி.பி.ஐ. கணக்கு

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 8,000 என்றும் 25,600 என்றும் போட்டிருப்பார்கள். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்பும் என்பதே டி.பி.ஐ. திரையின் அகலம் 1,920 புள்ளிகள் என்று கொள்வோம். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி வீதம் 400 டி.பி.ஐ.யில் அம்பு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகக் கை சுமார் 12 செ.மீ. நகர வேண்டும். 800இல் 6 செ.மீ., 1,600இல் 3 செ.மீ.

இதில் இரு பக்கமும் கவனம் தேவை. மிகக் குறைந்த வேகத்தில் முழங்கையும் தோளும் சேர்ந்து உழைக்கும். அதற்கு இடம் வேண்டும். மிக அதிக வேகத்தில் மணிக்கட்டும் விரலும் மட்டுமே நுணுக்கமாக நடுங்கி உழைக்கும், பிடி இறுகும். சிறந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 400க்கும் 1,600க்கும் இடையில்தான் வைத்துக் கொள்கிறார்கள். ஆகவே பெட்டி மேலுள்ள பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 800இல் தொடங்கி, வாரம் ஒருமுறை சிறிது மாற்றிப் பார்த்து, முன்கை முழுவதும் சேர்ந்து நகரும் அளவில் நிறுத்துங்கள்.

நொடிக்கு 125 தடவை, 1,000 தடவை என்று வேறோர் எண்ணும் இருக்கும். மவுஸ் கணினிக்குச் செய்தி சொல்லும் வேகம் அது. ஆட்டத்துக்கு 1,000 நல்லது; கையின் நலத்துக்கு அதனால் வேறுபாடு இல்லை.

4. பொத்தான்கள்

நம் விருப்பப்படி வேலை கொடுக்கக்கூடிய பொத்தான்களே இத்தகைய மவுஸின் சிறப்பு. ரேசர் நாகா டிரினிட்டியில் பக்கத் தகட்டையே கழற்றி 2, 7, 12 பொத்தான் என மூன்று விதமாக மாற்றலாம். பன்னிரண்டு இருக்கிறதென்று பன்னிரண்டையும் கட்டை விரலின் தலையில் சுமத்தக் கூடாது. அடிக்கடி செய்யும் இரண்டு மூன்று வேலைகளை மட்டும் பக்கப் பொத்தான்களுக்குக் கொடுங்கள். நடுச் சக்கரத்தை அழுத்துவது பலருக்கு வலி தருகிறது. அந்த வேலையை வேறு பொத்தானுக்கு மாற்றலாம். கட்டை விரல் அடியில் வலி இருந்தால் பக்கப் பொத்தான்களைச் சில வாரங்கள் அணைத்தே வையுங்கள்.

ஒரு பொத்தானில் பல செயல்களை வரிசையாக அடுக்கும் வசதியும் உண்டு. வீட்டு வேலைக்கும் தனி ஆட்டத்துக்கும் அது கைக்கு ஓய்வு தரும். ஆனால் போட்டிகள் பலவற்றில் அதற்கு அனுமதி இல்லை. விதியைப் படித்துக் கொள்ளுங்கள்.

செய்த அமைப்புகளைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் மவுஸாகப் பார்த்து வாங்குங்கள். பிள்ளை கேம் கடைக்கோ நண்பன் வீட்டுக்கோ எடுத்துப் போனாலும் அதே அமைப்பு கூடவே வரும். இணையம் மந்தமான நாட்களில் மென்பொருளை மறுபடி இறக்கிக் கொண்டிருக்க வேண்டாம்.

5. வயர்

வயர் உள்ள மவுஸுக்கு பேட்டரி இல்லை, சார்ஜ் ஏற்ற வேண்டியதில்லை, விலையும் குறைவு. மின்சாரம் முறை வைத்து வரும் யாங்கோனில் இது பெரிய வசதி. ஆனால் விறைப்பான வயர் மேசை விளிம்பில் இழுபட்டால், ஒவ்வோர் அசைவிலும் கை அந்த இழுப்பை எதிர்த்தே நகர வேண்டும். பிடி தானாக இறுகும். கடையில் வயரை விரலால் வளைத்துப் பாருங்கள். மெத்தென்று வளைய வேண்டும். வீட்டில் ஒரு சாண் வயரைத் தளர்வாக விட்டு, மீதியைத் திரைக்குப் பின்னால் ஒட்டி நிறுத்துங்கள்.

மழைக்காலப் புழுக்கத்தில் ரப்பர் பூச்சு உள்ள மவுஸ்கள் நாளடைவில் பிசுபிசுக்கும். வழுக்காத சாதாரண பிளாஸ்டிக் மேற்புறமே நம் ஊருக்கு நல்லது.

6. இரு கைக்கும் பொதுவான மவுஸ்

இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறோம். இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கும் மவுஸை வாங்கினால், பள்ளி வேலைக்கும் படம் பார்க்கவும் இடக்கையால் பிடிக்கலாம். கணினி அமைப்பில் இடது, வலது பொத்தான்களை மாற்றிக் கொடுத்தால் போதும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். மூன்று மணி நேரம் பேனா பிடித்துத் தேர்வு எழுத வேண்டிய கைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

கடையில் கேட்க வேண்டியவை

பெட்டிக்குள்ளேயே வைத்துக் காட்டினால் வாங்காதீர்கள். பிள்ளையையும் அழைத்துச் சென்று, உட்கார்ந்த நிலையில் ஐந்து நிமிடமாவது பிடிக்கச் சொல்லுங்கள். கிளிக் இலேசாக விழுகிறதா, நடுச் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, பக்கப் பொத்தான் தவறுதலாக அமுங்குகிறதா என்று பாருங்கள். புகழ் பெற்ற பெயர்களில் போலிகளும் வருவதால், மென்பொருள் அந்த மவுஸை அடையாளம் காண்கிறதா என்று கடைக் கணினியிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து பரிசாக அனுப்பும் சித்தப்பா, மாமாக்களுக்கு முன்கூட்டியே பிள்ளையின் கை அளவை அனுப்பி வையுங்கள். சட்டைக்கு அளவு கேட்கிறோம் அல்லவா?

மேசையும் மின்சார நேரமும்

எவ்வளவு நல்ல மவுஸும் தவறான மேசையில் தோற்றுவிடும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடிய, மணிக்கட்டு மேலே வளையாமல் முன்கையோடு நேராக இருக்க வேண்டும். தரையில் அமர்ந்து தாழ்ந்த மேசையில் ஆடும்போது மேசை விளிம்பு மணிக்கட்டையே அறுக்கிறது. நாற்காலி இல்லாவிட்டால் தடித்த மெத்தையைப் போட்டு உயர்ந்து உட்காரலாம். விளிம்பில் மடித்த துண்டு ஒன்றை வைக்கலாம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மின்சாரம் வந்ததும் அது போகும் வரை ஒரே மூச்சில் ஆடித் தீர்க்கிறார்கள். உண்பதுமில்லை, எழுந்திருப்பதுமில்லை. எங்கள் யோசனை: ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்குமுன் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மவுஸை விட்டுக் கையைத் தொங்கவிட்டு, விரல்களை மெதுவாகப் பத்துத் தடவை மடக்கி விரிக்க வேண்டும். வலிக்கும் அளவுக்கு இழுத்து வளைக்கக் கூடாது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடம் உடலை இயக்கும் விளையாட்டு தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியிருக்கிறது. கணினி ஆட்டத்தில் கட்டுப்பாட்டை இழந்து, தீங்கு தெரிந்தும் படிப்பையும் உறவையும் விட்டு ஆடிக்கொண்டே இருப்பதை நோய்ப் பட்டியலிலும் அது சேர்த்திருக்கிறது. அப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. வழக்கமாக ஓராண்டாவது இந்நிலை நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். நிறைய ஆடும் பிள்ளையெல்லாம் நோயாளி என்று எண்ணிவிடக் கூடாது.

2021 ஜனவரியில் சிங்கப்பூரில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியில் மியான்மரின் பர்மீஸ் கூல்ஸ் அணி இரண்டாமிடம் பெற்றது. அது கைபேசி ஆட்டம்தான். ஆனாலும் நம் தெருப் பிள்ளைகளின் கனவு எங்கிருந்து வருகிறது என்று பெரியவர்களுக்குப் புரிய வேண்டும். கனவைப் பழித்தால் பிள்ளை வலியை மறைப்பான். மவுஸைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பசுந்தாங் தம்பியும் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை.

மருத்துவரிடம் எப்போது?

இரவில் கை மரத்து விழிப்பது, பொருள்கள் கை நழுவுவது, கட்டை விரல் அடிச்சதை மெலிவது, இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி தணியாதது: இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்தால் சற்று இதமாக இருக்கும்; நரம்பின் மேலுள்ள அழுத்தம் அதனால் குறையாது. பெரியவர்களில் சர்க்கரை நோயாளிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே வந்தால் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையும் ஓய்வுமே பலருக்குப் போதும். முற்றிவிட்டால் ஊசி, அறுவை என்று போக நேரிடும்.

அந்தத் தம்பியை மருத்துவரிடம் காட்டினார்கள். நரம்பில் நிலையான பாதிப்பு இல்லை என்றார் அவர். இரவில் பட்டை, மூன்று வாரம் ஆட்டத்துக்கு விடுப்பு. பிறகு 11.5 செ.மீ. நீளமுள்ள, இரு கைக்கும் பொதுவான ஓர் எளிய வயர் மவுஸை அவனே கடையில் பிடித்துப் பார்த்து வாங்கினான். தேர்வு வரை அதை இடக்கையால் பிடித்தான். “இடக்கையில தோத்துக்கிட்டே இருக்கேன் மாமா” என்று சிரித்தான். எழுதும்போது கையை உதறுவது நின்றுவிட்டது என்று அக்கா சொன்னார்.

சித்தப்பா அனுப்பிய மவுஸ் அலமாரியில் இருக்கிறது. அதை யாரும் தூக்கி எறியவில்லை. அவன் கை வளர்ந்து அதற்குத் தக்கதாகும் நாளில் எடுத்துக் கொள்ளலாம். இன்று மாலை உங்கள் பிள்ளை ஆட உட்காரும்போது, கடிந்து கொள்ளாமல் பக்கத்தில் போய் அமர்ந்து, அவன் கையை ஒருமுறை அடிக்கோலால் அளந்து பாருங்கள்.